சுவிட்ச்சுக்குப் பொட்டு வைத்த மறுநாள்

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சை எப்படிப் பொருத்துவது என்று இதில் நான் எழுதப்போவதில்லை. அது பெட்டியோடு வரும் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறினாலும் படத்தைப் பார்த்தே செய்துவிடலாம். மின்சாரம் கொடு, ஒயர்களைச் சொருகு, பச்சை விளக்கு எரிகிறதா பார். அவ்வளவுதான். விளக்கும் எரிந்து, வேலையும் நடக்காமல், சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டு உங்கள் முகத்தையே பார்த்தால் என்ன செய்வது? அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் போய் ஒயர் இழுக்கும் வேலையை விட்டுவிட்டு இப்போது பாடம் சொல்லிக்கொடுக்க வகுப்பறைக்கு வந்துவிட்டேன். இனி அந்த மோட்டாரில் ஏறப்போவது நீங்கள். அதனால் ஒரு காலைப் பொழுதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மலேசியாவில், லூபோக் சீனா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அந்த மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு அதன் குலை அறுத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். இதைப் பலர் அடக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் டிப்ளோமா வாங்கியதைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதைச் சின்ன விஷயமாக நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் டிப்ளோமாவோடு எனக்குக் கிடைத்த வேலை, மலாக்கா டவுனில் ஒரு கணினிக் கடையில் மவுஸும் பிளாப்பி டிஸ்க்கும் விற்பது. கடை பாஸ் சீனர், நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். வெளியே போய் நெட்வொர்க் போடும் வேலைக்கு என்னை அனுப்பச் சொல்லி நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "ஏணியில் ஏறுவாயா? கூரைக்குள் புகுவாயா?" என்று மலாயில் கேட்பார். தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது! கடைசியில், தமிழ் ஆள் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதால் ஒரு வேலையைக் கொடுத்தார். "இது நன்றாக ஓடினால் வெளி வேலை உனக்கு. புகார் வந்தால் திரும்பி வந்து மவுஸ் விற்க வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னதைச் செய்கிறவர்.

அந்த வாடிக்கையாளர் மெர்லிமாவில் அச்சகம் வைத்திருந்த ஒரு தமிழர். அங்கே எல்லாரும் அவரை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைவீட்டின் முன்பக்கத்தில் கணினிகள். பின்பக்கத்தில் படத்தை ஃபிலிமாக எடுக்கும் மிசினும், அச்சடிக்கும் மிசினும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கப்போகிற நேரம். அது பிறந்ததும் கணினியெல்லாம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. கோயில் காலண்டர்களும் தீபாவளி வாழ்த்து அட்டைகளும் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு படமும் பிளாப்பி டிஸ்க்கில் அடங்காத அளவு பெரிது. அதுவரை கணினிகளை இணைத்திருந்த பழைய பெட்டி வழியாக ஒரு சாமி படம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். அதனால்தான் முதலாளி துணிந்து, கிகாபிட் உள்ள ஒரு சின்ன சுவிட்ச் வாங்கினார். செர்வருக்கு மட்டும் கிகாபிட் வேகத்தில் கண்ணாடி இழை. மற்றக் கணினிகளுக்கு வழக்கமான ஒயர். பொருத்தி முடித்து முதல் படத்தை அனுப்பிக் காட்டியபோது, அட்டை வடிவமைக்கும் சேகர் அண்ணன், "என்னா தங்கச்சி, அனுப்பவே இல்லையே, அதுக்குள்ள போயிருச்சா?" என்று நாற்காலியோடு திரும்பினார். அந்தக் கேள்வியை நான் இன்றும் சான்றிதழ்போல வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது சேகர் அண்ணன் ஒரு உதவி கேட்டார். அடுத்த வாரம் அவருக்குப் புதுக் கணினி வருகிறது. அதற்கு ஒரு ஒயரை சுவிட்ச்சில் சொருகி மறுமுனையைச் சும்மா தொங்க விடச் சொன்னார். விட்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து சரஸ்வதி பூஜை வந்தது. அச்சகத்தில் பூஜை எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எல்லா மிசினையும் நிறுத்திக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மஞ்சள் நூல் கட்டி, சாயந்திரம் தீபாராதனை. அன்றைக்கு எதையும் ஓட்டக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் இன்னொரு முறை சூடம் காட்டி, மிசினை ஓட்டி, முதல் தாளை எடுத்துச் சாமி காலடியில் வைக்க வேண்டும். அந்தத் தாள் எப்படி வருகிறதோ அப்படித்தான் வருடம் முழுதும் வேலை வரும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு வருடமும் அது தவறியதில்லையாம்.

"நாளைக்குக் காலையில வந்துரு. முதல் தாளு உன்னோட சுவிட்ச் வழியா வரட்டும்" என்று பூஜை அன்று போனில் என்னையும் கூப்பிட்டிருந்தார். புதுப் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு போனேன். பூ கூட வைத்திருந்தேன். கருவிப் பையை மோட்டார் கூடையிலேயே விட்டுவிட்டு, விருந்தாளிபோல உள்ளே நுழைந்தேன்.

சுவிட்ச் இருந்த இரும்பு அலமாரி கோயில் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை, சுவிட்ச்சின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு. முதலாளி சூடம் காட்டினார். செர்வரைப் போட்டார்கள், சுவிட்ச்சைப் போட்டார்கள், கணினிகளைப் போட்டார்கள். சரஸ்வதி படமும் வாழ்த்தும் கொண்ட முதல் தாள் செர்வரில் தயாராக இருந்தது. சேகர் அண்ணன் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பொத்தானைத் தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தடவை தட்டினார். கணினித் திரை உறைந்து நின்றது. அடுத்த கணினி, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. செர்வர் என்று ஒன்று இருப்பதாகவே எதற்கும் தெரியவில்லை.

"இரண்டாயிரம் இப்பவே வந்துருச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. "தங்கச்சி," என்றார் என்னிடம். குரலை உயர்த்தவில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "முதல் தாளு நேரத்துக்கு வரலன்னா, இந்தப் பெட்டிய நீ கையோட எடுத்துட்டுப் போயிரு. ராசி இல்லாத சாமான நான் கடையில வச்சிக்க மாட்டேன்."

பெட்டி போனால் நானும் போனேன். மறுபடி மவுஸ். வேன் நிறைய வந்தவர்கள் முகம் ஒரு நொடி என் கண்முன் வந்து போனது.

"பழைய பெட்டி ஸ்டோர்லதான் இருக்கு," என்றார் சேகர் அண்ணன். "அத எடுத்து மாட்டிருவோம்லா. பூஜை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

தம்பி தங்கைகளே, முதல் சோதனை இதுதான். உங்களுக்கும் இது வரும். மாற்றிவிடு, கழற்றிவிடு என்று எல்லாரும் சொல்வார்கள். உங்கள் கையும் பரபரக்கும். அவசரத்தில் மாற்றும்போது ஒரு ஒயர் கூடவோ குறையவோ சொருகி, தற்செயலாக ஓடிவிட்டால், கோளாறு என்ன என்பது கடைசிவரை தெரியாது. அதன் பிறகு அந்த சுவிட்ச்சை யாராலும் காப்பாற்ற முடியாது. அது ராசியில்லாத பெட்டிதான்.

"அண்ணே, கொஞ்ச நேரம் குடுங்க. ஓடலன்னா நானே பழைய பெட்டிய மாட்டித் தர்றேன்" என்றேன்.

"பாருலா, விளக்கெல்லாம் எப்புடி எரியுது! சுவிட்ச் நல்லாத்தான் வேலை செய்யுது. இந்தச் சேகரு கொம்பியூட்டர்தான் கெட்டுப்போச்சு" என்றார் மேரி அக்கா. அச்சடித்த தாள்களை மடித்துத் தைக்கும் பகுதியின் தலைவி அவர். சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் வருடா வருடம் பூஜை அன்று எல்லா மிசினையும் துடைத்துப் பளபளக்க வைப்பது அவர்தான். "என் கை பட்டாத்தான் மிசின் மிசினா இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் சொன்ன பிறகுதான் விளக்குகளைச் சரியாகப் பார்த்தேன். மாலைக்கு நடுவில் அவை அத்தனையும் வெறி பிடித்ததுபோல ஒரே வேகத்தில் துடித்தன. சாதாரணமாக அப்படி இருக்காது. ஒரு கூடத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பதுபோல, ஒன்று துடிக்கும், ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்று பதில் சொல்லும். இப்போதோ எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதுபோல இருந்தது. கணினிகள் எல்லாம் உறைந்து நிற்கின்றன. யாரும் வேலை செய்யவில்லை. அப்படியானால் இவ்வளவு பேச்சு யாருடையது?

"சேகர் அண்ணே, எல்லாக் கொம்பியூட்டரையும் செர்வரையும் அடைங்க."

"அடைக்கவா? திரும்பப் போட எவ்வளவு நேரமாகும் தெரியுமா? நல்ல நேரம் போயிரும்!"

"அடைங்கண்ணே."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை மட்டும் அசைத்தார். ஒவ்வொன்றாக அடைத்தார்கள். சுவிட்ச்சில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிக் கணினியையும் அடைத்த பிறகும் இரண்டே விளக்குகள் பக்கத்துப் பக்கத்தில் அதே வெறியோடு துடித்துக்கொண்டிருந்தன.

ஒரு கணினியும் இல்லாமல் சுவிட்ச்சில் ஒயர் சொருகும் வாய்கள் இரண்டு பேசிக்கொள்கின்றன என்றால், அவை ஒன்றோடொன்று பேசுகின்றன. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர், அதாவது கங்காணி, பேர் கூப்பிடுவார் இல்லையா, அதுபோலக் கணினிகள் அவ்வப்போது எல்லாரையும் பார்த்து 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று ஒரு குரல் கொடுக்கும். சுவிட்ச் அந்தக் குரலை எல்லா வாய்க்கும் அனுப்பும். ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்ச்சில் சொருகியிருந்தால், வெளியே போன குரல் உள்ளே திரும்பி வரும். சுவிட்ச் அதைப் புதுக் குரல் என்று எண்ணி மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். அது மறுபடி திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் வேறு எந்தப் பேச்சுக்கும் இடம் இருக்காது. இன்றைய நல்ல சுவிட்ச்சுகள் இதைத் தாங்களே கண்டுபிடித்துத் தடுத்துவிடும். அந்தச் சின்னப் பெட்டிக்கு அந்த அறிவு இல்லை.

மாலையை மெதுவாக ஒதுக்கிப் பார்த்தேன். இருந்தது. சேகர் அண்ணனுக்காக நான் தொங்க விட்ட அதே ஒயர். தொங்கிக்கொண்டிருந்த முனையை யாரோ எடுத்து, பக்கத்தில் காலியாக இருந்த வாயில் அழகாகச் சொருகியிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். "ஒரே ஒயரோட ரெண்டு தலையும் இங்கயே சொருகியிருக்கு."

"யாரு சொருகுனா?" என்று உடனே கேட்டார் சேகர் அண்ணன். கேட்டுவிட்டு அவர் பார்த்த இடம் மேரி அக்கா. "நேத்து அந்த அலமாரிய யாரு தொடச்சா?"

மேரி அக்காவின் முகம் மாறியது. "நான் தொடச்சேன்தான். ஒயரத் தொடலப்பா. கர்த்தர் சாட்சியா தொடல. வருஷா வருஷம் நான்தானே தொடைக்கிறேன், என்னைக்காவது மிசின் ஓடாமப் போயிருக்கா?"

அங்கே நின்றவர்களின் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், மேரி அக்காவுக்கும் தெரியும். சாமி அலமாரியில் சாமி கும்பிடாதவர் கை. இத்தனை வருடம் யாரும் நினைக்காத ஒன்று, தாள் வராத ஒரு காலையில் நினைக்கப்படுகிறது.

நான் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த ஒயரின் தலை கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதன்மேல் காய்ந்துபோன சந்தனம், ஒரு கட்டைவிரல் அளவுக்கு. சந்தனத்தின் ஓரத்தில் குங்குமம்.

மேரி அக்கா துடைத்தது மத்தியானம். சந்தனம் குழைத்தது சாயந்திரம். அதைத் தன் கையாலேயே ஒவ்வொரு மிசினுக்கும் வைத்தவர் யார் என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒருவர்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் பேசாமல் ஒயரைப் பிடுங்கி, சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டால் முதல் தாள் வரும், என் வேலை நிலைக்கும். மேரி அக்காமேல் விழுந்த நிழல் மட்டும் அப்படியே இருக்கும். உரக்கச் சொன்னால் மேரி அக்கா தப்பிப்பார்; நல்ல நாளில், தன் ஆட்கள் எல்லார் முன்னாலும், முதலாளியை ஒரு சின்னப் பெண் கைகாட்டியதாக ஆகும். அதன் பிறகு எந்த வாடிக்கையாளர் என்னைக் கூப்பிடுவார்? யோசிக்க அதிக நேரம் இல்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பூஜையில் வைத்ததை, வைத்தவர்தான் எடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக் கோயிலிலும் அதுதான் வழக்கம்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"முதலாளி, பூஜை போட்ட மிசினு. நீங்கதானே பொட்டு வச்சீங்க, நீங்களே எடுத்துக் குடுத்தா நல்லது. இந்த ஒயரு மட்டும்."

அவர் முன்னால் வந்தார். நான் ஒயர்த் தலையின் சின்னக் கொக்கியை எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினேன். பிடுங்கினார். அந்த நொடியே இரண்டு விளக்குகளும் அணைந்து, கூடமே அமைதியானதுபோல இருந்தது. சேகர் அண்ணன் செர்வரைப் போட ஓடினார்.

முதலாளி நகரவில்லை. கையிலிருந்த ஒயரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தடவினார். சந்தனத் தூள் உதிர்ந்தது.

ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போட்டுவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்திருப்பேன். ஆனால் அதற்குத் தேவை வரவில்லை.

"மேரி," என்றார் அவர். "நீ சொருகல. நான்தான் சொருகுனேன்."

சேகர் அண்ணன் அப்படியே திரும்பினார்.

"பொட்டு வைக்கும்போது பாத்தேன். எல்லா ஒயரும் ஒழுங்கா ஒரு எடத்துல போய்ச் சேந்திருக்கு, இது மட்டும் சாமி முன்னால தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. மனசு கேக்கல. பக்கத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, சொருகிட்டேன்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அழகா இருந்துச்சு" என்றார்.

மேரி அக்கா இடுப்பில் கை வைத்தார். "நல்ல வேளை முதலாளி, கரண்டு ஓட்டையில சொருகல. வருஷத் தாளுக்குப் பதிலா வருஷத் திதி கொடுத்திருப்போம்!"

முதலில் சிரித்தவர் முதலாளிதான். பிறகு கூடமே சிரித்தது. சேகர் அண்ணன் மட்டும் சிரிக்காமல் மேரி அக்கா பக்கத்தில் போய் நின்று, "மன்னிச்சிருக்கா" என்றார். "போடா, முதல்ல பொத்தானத் தட்டு. நேரம் போவுது" என்றார் அக்கா.

தட்டினார். படம் போனது. பின்பக்கத்தில் ஃபிலிம் வந்தது, அச்சுத் தகடு வந்தது, மிசின் ஒரு முறை மூச்சிழுத்துவிட்டு ஓடியது. முதல் தாளை முதலாளி மை காயும் முன்னே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்து சாமி காலடியில் வைத்தபோது நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டாவது தாளை மேரி அக்காவிடம் கொடுத்தார். அதுவரை யாருக்கும் இரண்டாவது தாள் என்று ஒன்று கிடையாது.

மத்தியானம் எங்கள் பாஸுக்கு அவர் போன் போட்டது எனக்குத் தெரியாது. நான் கடைக்குத் திரும்பியபோது பாஸ் ஒரு முகவரியை நீட்டினார். சுங்கை ரம்பாயில் ஒரு கிளினிக், அவர்களுக்கும் ஒரு நெட்வொர்க் வேண்டுமாம். "ஏணி எடுத்துப் போ" என்றார். அன்றைக்குப் பிறகு நான் மவுஸ் விற்கவில்லை.

அந்தக் காலையிலிருந்து எனக்கு இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, காலியாக இருக்கும் வாய்களுக்கெல்லாம் ரப்பர் மூடி போடாமல் ஒரு இடத்தை விட்டும் கிளம்புவதில்லை. யார் கேட்டாலும் ஒயரைத் தொங்க விடுவதுமில்லை. இன்னொன்று, கோளாறு என்று கூப்பிடும் இடத்தில் 'யார் செய்தது' என்று கேட்பதில்லை. 'கடைசியாக இது ஓடியதற்குப் பிறகு இங்கே என்னென்ன நடந்தது' என்று கேட்பேன். கல்யாணம் நடந்திருக்கும், வெள்ளையடித்திருப்பார்கள், பூஜை போட்டிருப்பார்கள். முதல் கேள்வியைக் கேட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டாவதைக் கேட்டால் ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். அதில் உங்கள் ஒயர் இருக்கும்.

அடுத்த வருடம் முதலாளி என்னைச் சரஸ்வதி பூஜை சாயந்திரமே வரச் சொன்னார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏற்கெனவே எல்லா மிசினுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. சுவிட்ச்சை மட்டும் விட்டுவைத்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "உன் மிசினு, நீயே வை" என்றார்.

அப்பா பார்த்துக்கொண்டிருக்க, நான் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பிறகு வழக்கப்படி எல்லா ஒயரும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டினேன்.

"ஏய், ஏய்!" என்று தடுத்தார் முதலாளி. மேரி அக்கா அதற்குள் ஈரத்துணியை எடுத்து என் கைக்கு நேராக நீட்டிவிட்டார்.

"முதல்ல கையத் தொடை, தங்கச்சி" என்றார் முதலாளி. "சந்தனக் கையோட ஒயரத் தொட்டா, கண்டுபுடிச்சிருவாங்க."